சுத்தமாக இருந்த வாய்க்கால்

சனிக்கிழமை வருகிறேன் என்று அண்ணன் போன் செய்ததோடு சென்ற வாரப் பகுதி நின்றது. சொன்னபடி வந்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமையைச் சொல்வதற்கு முன்னால், அதற்கு முந்தைய சனிக்கிழமை நான் செய்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் மற்றது புரியாது.

நான் கூரை வாய்க்காலைச் சுத்தம் செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கூரையின் விளிம்பில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்றாகத் தகர வாய்க்கால் ஓடுகிறது. பக்கத்து வீட்டு அல்முட் அக்காவின் ஓக் மரம் இலையுதிர் காலம் முழுக்க அதில்தான் தன் பாரத்தைக் கொட்டும். உறைபனி வருவதற்குள் அள்ளாவிட்டால் இலை ஊறி, இறங்கு குழாயின் வாயை அடைத்து, தேங்கிய தண்ணீர் பனிக்கட்டியாகி, தகரத்தைப் பிளந்துவிடும். அம்மா இறந்த வருஷம் அப்படித்தான் பிளந்தது. யாருக்கும் வாய்க்கால் ஞாபகம் இல்லை. சமையலறைச் சுவரில் அப்போது ஒழுகிய கறை இன்னும் இருக்கிறது.

அள்ளுவது அண்ணன் ரேம்ட்டின் வேலை. ஓல்டன்பர்க் நகரத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை, மரம் மொட்டையான பிறகு வரும் சனிக்கிழமையில் வருவான். கிறிஸ்துமஸுக்கு அண்ணி சில்கேயின் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஈஸ்டருக்குத் தவறாமல் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும். ஆக, வாய்க்கால் நாள்தான் அவனுடைய நாள்.

அந்த நாளில் எனக்கு அவனிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஆறு வருஷமாக உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருக்கிறேன். தீவில் இருக்கும் ஒரு மருத்துவ விடுதியில் சமையலறை முழுவதையும் என் பொறுப்பில் தருவதாகச் சொல்கிறார்கள். ஜனவரியில் சேர வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தீவு என்றால் கப்பல். காற்று அடித்தால் கப்பலும் இல்லை. தினமும் வீட்டுக்கு வந்து போக முடியாது.

அப்பாவுக்கு ஒரு பக்க இடுப்பு எலும்பை மாற்றியாகிவிட்டது, இன்னொரு பக்கம் பாக்கி. குளிக்கத் தொட்டிக்குள் இறங்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். "குளிர்காலம் முடியும்வரை அப்பாவை நீ பார்த்துக்கொள்" என்று ரேம்ட்டிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அவன் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அப்பாவிடம் தீவைப் பற்றிப் பேசுவதாக இருந்தேன்.

போனில் சொல்லலாம் என்றால், "வந்து பேசிக்கலாம்" என்பான். வந்தால் காலையிலிருந்து ஏணியில் நிற்பான். இறங்கும்போது இருட்டியிருக்கும். சேற்றுக் கையோடு தேநீரைக் குடித்துவிட்டு, பாதை வழுக்கும் என்று கிளம்பிவிடுவான்.

எனவே வேலையை முன்னாலேயே முடித்துவிட்டால் பேசுவதற்கு முழு நாள் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அப்பா சீட்டாடப் போயிருந்த பகலில் ஏணியைச் சாய்த்து, சின்னக் கரணையால் இரண்டு பக்கமும் அள்ளி, குழாய் வாய்க்குப் புதுக் கம்பிக்கூடை போட்டு, மழைத்தண்ணீர்ப் பீப்பாயையும் கவிழ்த்து வைத்தேன். அள்ளிய இலையைக் கொட்டகைக்குப் பின்னால் குவித்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

கணக்கு சரி என்றுதான் இன்றும் தோன்றுகிறது. ஆனால் அதில் அப்பாவைச் சேர்க்க மறந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை, அண்ணன் வருவதற்கு வெகு முன்பே அப்பா ரப்பர் பூட்ஸும் குல்லாவுமாகப் பின்பக்கம் இறங்கு குழாயின் அருகே போய் நின்றுகொண்டார். ஏணி ஏற முடியாமல் போனதிலிருந்து அதுதான் அவர் இடம். மேலே ரேம்ட் வாளித் தண்ணீரை ஊற்றுவான். கீழே இவர் குழாயில் உள்ளங்கையை வைத்து, காதையும் ஒட்டிக்கொண்டு, "வருது... நிக்கிது... இன்னும் அள்ளு... ஓடுது!" என்று கத்துவார். வருஷத்தில் அப்பாவும் மகனும் அதிகம் பேசிக்கொள்வது அதுதான்.

கார் வந்து நின்றது.

"மொய்ன்" என்றான் ரேம்ட்.

"மொய்ன்" என்றார் அப்பா.

எங்கள் ஊரில் காலை வணக்கமும் அதுதான், மாலை வணக்கமும் அதுதான். அதற்கு மேல் யாரும் எதுவும் எதிர்பார்ப்பதில்லை.

ரேம்ட் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அப்பா மூலை திரும்பி, குழாயில் காதை வைத்துவிட்டார்.

"ஃபென்னா."

"என்ன?"

"இங்க ஒண்ணுமே இல்லையே."

நான் பதில் சொல்வதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அல்முட் அக்காவின் குரல் வந்தது. "அவதான் போன சனிக்கிழமையே அள்ளிட்டாளே! நான் ஜன்னல்லயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். விழுந்தா ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல?"

"உங்க மரத்து இலைதான் அக்கா, நீங்க வந்து ஒரு கை கொடுத்திருக்கலாம்" என்றான் ரேம்ட்.

"இலை என்னுதுதான். காத்து என்னுதா?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். போட்டுக்கொடுக்க வேண்டியதைப் போட்டுக்கொடுத்தாயிற்று.

ரேம்ட் ஏணியிலிருந்தே குனிந்து என்னைப் பார்த்தான். "அப்ப எதுக்குடி என்னை வரவிட்ட?"

"பேசணும்."

"பேசறதுக்கா கையுறை வாங்கிட்டு வந்தேன்?"

"இறங்கி வா. டீ குடிச்சுக்கிட்டே பேசலாம்."

மூலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா கத்தினார். "என்னப்பா, இன்னும் தண்ணி ஊத்தலையா?"

ரேம்ட் பெருமூச்சு விட்டான். நான் வாளியை எடுத்துக் கொடுத்தேன். ஊற்றினான். தண்ணீர் வாய்க்காலில் வழுக்கிக்கொண்டு போய்க் குழாயில் விழுந்து கீழே கொட்டும் சத்தம் எனக்கே கேட்டது.

"ஓ" என்றார் அப்பா. பிறகு, "ஓடுது" என்றார்.

"முடிஞ்சுதுப்பா."

"என்ன முடிஞ்சுது? இலை?"

"உங்க பொண்ணே எல்லாத்தையும் முடிச்சிட்டா. பீப்பாயக்கூடக் கவுத்து வச்சிருக்கா, பாக்கலையா?"

அப்பா பீப்பாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குழாயிலிருந்து கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, கைத்தடியைத் தேடினார். அது அவர் முழங்கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தேநீருக்கு நல்ல கோப்பைகளை எடுத்திருந்தேன். அடுப்பில் மூன்று பேருக்குப் பட்டாணி சூப் இருந்தது. உண்மையில் ஆறு பேருக்கு. இல்லத்தில் சமைத்துச் சமைத்து எனக்குச் சின்னப் பாத்திரத்தில் கை நிற்காது.

எங்கள் பக்கத்தில் தேநீர் என்றால் மூன்று கோப்பை. கோப்பையின் அடியில் கல்கண்டுக் கட்டி. அதன் மேல் சூடான டிக்காஷன் விழும்போது அது வெடிக்கும். ஓரமாகப் பாலாடை ஒரு துளி. கலக்கக் கூடாது. அப்படியானால் கரண்டி எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். போதும் என்றால் கோப்பைக்குள் வைப்பதற்கு. கரண்டி உள்ளே போகாதவரை வீட்டுக்காரர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றுக்கு முன்னால் யாரும் வைப்பதில்லை. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர்கூட இரண்டு குடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

முதல் கோப்பையில் மழையும் காற்றும், இரண்டாவதில் ஊரார் கதை, மூன்றாவதில் சொந்த விஷயம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனவே நான் அவசரப்படவில்லை. மூன்றாவது கோப்பைக்கான வாக்கியத்தை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ரேம்ட் என்னைப் பாராட்ட ஆரம்பித்தான்.

"சும்மா சொல்லக்கூடாதுப்பா, நல்லா பண்ணியிருக்கா. மூலைல பாசிகூட இல்ல. கம்பிக்கூடை எங்க வாங்கின?"

"லேர் டவுன்ல."

"நல்ல கூடை." ஒரு வாய் குடித்தான். "இனிமே வருஷா வருஷம் நான் வரணும்னே இல்ல. சில்கேயும் சொல்லிக்கிட்டேதான் இருக்கா, இந்த வயசுல ஏணி எதுக்கு, விழுந்து வச்சா யாரு பாக்கறதுன்னு. நல்லதாப் போச்சு."

அப்பா தன் கோப்பையைத் தட்டோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

நான் தேநீர்க் கெண்டியைத் தூக்கினேன். ரேம்ட்டின் கோப்பைக்கு மேல் அதன் மூக்கைச் சாய்த்தேன். கிணுக்கென்று ஒரு சத்தம்.

கரண்டி உள்ளே இருந்தது.

"அண்ணா, இது முதல் கோப்பைதான்."

"போதும்மா."

"சூப் இருக்கு."

"சாயங்காலம் மழையாம். பையனுக்கு மேட்ச் வேற இருக்கு. இப்பக் கிளம்பினா பாதி ஆட்டத்துக்காவது போயிடலாம்."

"ரெண்டாவதாவது குடி."

"கரண்டியப் போட்டாச்சில்ல?" என்று சிரித்தான்.

அப்பா அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் கல்கண்டு பாதிகூடக் கரைந்திருக்கவில்லை.

நான் கார்வரை ஓடினேன். அவன் பெல்ட்டை மாட்டியிருந்தான். கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினான். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வாக்கியத்தைக் காற்றில் கத்த வேண்டியதாகிவிட்டது.

"ஜனவரில நான் தீவுக்கு வேலைக்குப் போறேன். குளிர்காலம் முடியறவரைக்கும் அப்பாவை நீ பாத்துக்கணும்."

"தீவுக்கா? அங்க என்ன இருக்கு?"

"சமையலறை."

"சமையலறை இங்க இல்லையா?"

"அண்ணா, விளையாடாத. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"எங்க வீட்டுல எல்லா ரூமும் மாடில. அவரு படியேற முடியாது."

"அப்ப இங்க வந்து இரு. சனி ஞாயிறாவது. மத்த நாளுக்கு ஆள் பாக்கறேன்."

"சனிக்கிழமைதான் பசங்களுக்கு மேட்ச்."

"ஒவ்வொரு சனிக்கிழமையுமா?"

அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். பிறகு சொன்னான்:

"நீ சமைக்கிற. அவரைக் குளிப்பாட்டற. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற. இருந்த ஒரே வேலை ஏணி, அதையும் ஏறிட்ட. எல்லாத்தையும் நீயே முடிச்சிட்டு ஆள் இல்ல ஆள் இல்லன்னா என்ன அர்த்தம்? எனக்கு எங்கடி இடம் விட்ட?"

அதில் உண்மை இருக்கிறதா என்று அன்று முழுக்க யோசித்தேன். கொஞ்சம் இருக்கலாம். கார் கிளம்பிய வேகத்தை நினைத்தால், கொஞ்சம்தான்.

உள்ளே வந்தபோது அப்பா அதே நாற்காலியில் இருந்தார். சூப்பை ஊற்றி வைத்தேன். தள்ளி வைத்தார்.

"பசிக்கல."

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலப்பா."

"அவனை நீதான் அனுப்பிச்சிட்ட."

"நானா? அவனே கரண்டியப் போட்டுட்டு எழுந்தான்."

"அவனுக்கு இங்க ஒரு வேலை இருந்துச்சு" என்றார். "ஒண்ணே ஒண்ணு. அதையும் நீ எடுத்துக்கிட்ட."

நான் அப்போதே தீவைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். வாழ்நாளில் முதல் தடவையாக நான் ஒரு வேலையைத் திருடியவள் போலப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மீதி சூப்பை டப்பாக்களில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் ஏணி சுவரில் உரசும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கைத்தடி ஏணியின் படியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு காலை முதல் படியில் வைத்து, இன்னொரு காலைத் தூக்க முடியாமல் நின்றார். கையில் வாளி.

கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஏணியப் பிடி."

"முதல்ல இறங்குங்க!"

"பிடின்னா பிடி."

வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். கறுத்துப்போன ஓக் இலை. கொட்டகைக்குப் பின்னால் நான் குவித்து வைத்திருந்தது.

"இது நான் அள்ளினது."

"தெரியும்."

"இதை எதுக்கு மேல கொண்டு போறீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சாயங்காலம் மழைன்னு அவனே சொன்னான்ல. அடைச்சிக்கிச்சுன்னா கூப்பிடலாம். கூப்பிட்டா வருவான்."

அவருக்குக் காது மடல் சிவந்திருந்தது. குளிரில் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் வாளியை வாங்கினேன். தூக்கி எறியப் போகிறேன் என்று நினைத்திருப்பார். கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். நான் அவரைக் கீழே இறக்கிவிட்டு ஏணியில் ஏறினேன். மேலே போய்த் திரும்பிக் கேட்டேன்.

"பரப்பி விடவா, குழாய் வாயிலயே போடவா?"

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். பிறகு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"வாயில போடு. கம்பிக்கூடைய முதல்ல எடு."

எடுத்தேன்.

"ஈர இலைய அடியில வை. உருட்டி வை. ஹ்ம், இப்ப அமுக்கு. கட்டைவிரலால அமுக்கு. மேல கொஞ்சம் பாசி வச்சாத்தான் நிக்கும்."

"பாசி இல்ல. சுரண்டிட்டேன்."

"எல்லாத்தையும் சுரண்டிடுவ" என்றார். திட்டினாரா பாராட்டினாரா என்று தெரியவில்லை.

முழங்கைவரை கறுப்புத் தண்ணீர் ஓட, நான் சுத்தம் செய்த குழாயை நானே அடைத்தேன். நன்றாகவே அடைத்தேன், எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. அங்கே நிற்கும்போதுதான் ரேம்ட் சொன்னது வேறு விதமாகப் புரிந்தது. எங்கள் வீட்டில் ஒழுகுகிற இடத்துக்குத்தான் ஆள் வரும். இத்தனை வருஷமும் நான் ஒழுகியதே இல்லை.

நான்கு மணிக்கு மேல் மழை பிடித்தது. நன்றாக, காற்றோடு. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாய்க்கால் நிறைந்து, சமையலறை ஜன்னலுக்கு மேலே வழிந்து, பழைய கறை இருந்த அதே இடத்தில் சுவரை நனைத்தது.

அப்பா குல்லாவைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். குழாயில் உள்ளங்கையை வைத்தார். காதை ஒட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடி அதிரக் கத்தினார். காலையிலிருந்து அவர் முகத்தில் இல்லாதது எல்லாம் இப்போது இருந்தது.

"ஓடல! போன் போடு!"

உள்ளே வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மேஜையருகே உட்கார்ந்தார். நான் மறுபடி தேநீர் போட்டு வைத்திருந்தேன். முதல் கோப்பையைச் சத்தமாகக் குடித்தார். இரண்டாவதையும் குடித்தார். "அவன்கிட்ட ரொம்ப மோசம்னு சொல்லு. சுவரு நனையுதுன்னு சொல்லு."

சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்து எண்ணை அழுத்தினேன். ரேம்ட்டே எடுத்தான். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். மேட்ச் ஜெயித்திருக்க வேண்டும்.

"வாய்க்கால் அடைச்சிருக்கு" என்றேன்.

"என்ன உளர்ற? காலைல பளபளன்னு இருந்துச்சே!"

"இப்ப அடைச்சிருக்கு. சுவரெல்லாம் தண்ணி."

அப்பா தலையை ஆட்டினார். சரியாகச் சொல்கிறாய் என்பதுபோல.

"நீயே ஏறிப் பாரேன். உனக்குத்தான் கைவந்த கலையாச்சே."

"நான் ஏற மாட்டேன்."

"ஏன், என்னாச்சு?"

அப்பாவிடம் வேறு விதமாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். உட்காரவைத்து, மூன்றாவது கோப்பையை ஊற்றிவிட்டு, மெதுவாக. ஆனால் திங்கட்கிழமை வந்துகொண்டிருந்தது. அண்ணன் இன்னொரு முறை போனை எடுப்பான் என்பதும் நிச்சயமில்லை.

"ஜனவரி பொறந்தா நான் இங்க இருக்க மாட்டேன். தீவுக்கு வரேன்னு சொல்லப் போறேன். நீ சரின்னாலும் சொல்லப் போறேன், சரி இல்லன்னாலும் சொல்லப் போறேன். ஏணி கொட்டகைல இருக்கு. அப்பாவும் இங்கதான் இருப்பாரு."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம். பிள்ளைகளின் கூச்சல் அடங்கியது.

"ஃபென்னா," ரேம்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டான், "அப்பாவுக்குத் தெரியுமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார். பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது.

"இப்பத் தெரியும்" என்றேன்.

"போனை அவர்கிட்ட குடு."

ரிசீவரை நீட்டினேன். ஒயர் மேஜைவரை எட்டியது. அப்பா வாங்கவில்லை.

என்ன செய்வது என்று தெரியாதபோது எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, கெண்டியை எடுத்து, அவருடைய மூன்றாவது கோப்பைக்குச் சாய்த்தேன்.

அப்பா தட்டிலிருந்து கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் வைத்தார்.

அவர் மூன்றுக்கு முன்னால் கரண்டி வைத்து நான் பார்த்ததே இல்லை. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுகூட மூன்று குடித்தார்.

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் திரையாக விழுந்துகொண்டிருந்தது. மேஜைமேல் ரேம்ட், "அப்பா? அப்பா, இருக்கீங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.